ஓவியத்தின் உருவத்தை விடுங்கள், கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்

கேள்வி இதுதான்: பழைய துணிக் கடையில் எடுத்த வெள்ளைப் பருத்திச் சட்டைகள் இரண்டு மூன்று கைவசம் இருக்கின்றன, வீட்டு அலமாரியில் ஒரு பழைய பட்டுச் சேலையும் இருக்கிறது. சிங்கப்பூரின் தேசிய கலைக்கூடத்திலும் அரும்பொருளகங்களிலும் பார்த்தவற்றை மனத்தில் வைத்து இவற்றை மாற்றித் தைக்க வேண்டும். பள்ளிக்கூடக் கைவேலை மாதிரித் தெரியக்கூடாது, எம்ஆர்டி ரயிலில் உடுத்திக்கொண்டு போகிற உடையாக இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கைவேலை மாதிரித் தெரிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், ஓவியத்தில் இருக்கும் உருவத்தை அப்படியே கொண்டுவந்து நெஞ்சில் ஒட்டிவிடுவது. ஓவியம் தட்டையான சட்டத்துக்குள் இருக்கிறது. சட்டையோ தோளில் தொங்கும், இடுப்பில் மடியும், கையைத் தூக்கினால் இழுபடும். ஆகவே உருவத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஓவியர் எடுத்த முடிவுகளில் ஒன்றை மட்டும் எடுத்து வாருங்கள். கோடு எப்படி ஓடுகிறது, எந்த நிறம் எவ்வளவு, எதை வெறுமையாக விட்டார் என்பவற்றில் ஏதாவது ஒன்று. அதைச் சட்டையின் தையலிலும் ஓரத்திலும் ஏற்றினால் போதும்.

உங்களிடம் வெள்ளைச் சட்டை இருப்பதால் சிங்கப்பூர் ஓவியர் லியூ காங்கில் தொடங்கச் சொல்வேன். 1952ல் அவரும் சென் வென் ஸி, சியோங் சூ பியெங், சென் சோங் ஸ்வீ ஆகிய ஓவியர்களும் பாலித் தீவுக்குப் போனார்கள். தென்கிழக்காசியக் காட்சிகளைச் சீன, மேற்கத்திய உத்திகளைக் கலந்து வரைந்த நன்யாங் ஓவியப் பாணியைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தப் பயணத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1954ல் லியூ காங் வரைந்த 'ஓவியரும் மாடலும்' அங்கிருந்து பிறந்தது. அதில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பவர் சென் வென் ஸி. அந்தப் படத்தில் ஒரு நிறமும் இன்னொரு நிறமும் சேரும் இடங்களில் வெள்ளைக் கோடு ஓடுகிறது. மெழுகிட்டுச் சாயம் போடும் பாத்தேக் துணியின் சாயல் அது. பாத்தேக்கில் வெள்ளைக் கோட்டை யாரும் சாயத்தால் வரைவதில்லை. மெழுகு மூடியிருந்ததால் சாயம் ஏறாமல் தங்கிய துணிதான் அந்தக் கோடு. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் ஏறித் தென்கிழக்காசியாவுக்கு வந்த சாயத்துணிகளிலும் இதே சூத்திரம் உண்டு. சாயவேரின் சிவப்பு படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் பிடிக்கும். அவுரி நீலத்தில் முக்கும்போது நீலம் வேண்டாத இடத்தை மெழுகால் மூடுவார்கள். வெள்ளை என்பது விட்டுவைத்த இடம். வெள்ளைச் சட்டைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை கிடைக்காது.

கலைக்கூடத்துக்குப் போகும்போது எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு ஓடிவராதீர்கள். ஒரே படத்தின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் உருவங்கள் கரைந்து நிறத் திட்டுகள் மட்டும் நிற்கும். தாளில் பத்துக் கட்டம் போட்டு, எந்த நிறம் எத்தனை கட்டம் என்று குறியுங்கள். ஐந்து மண் நிறம், மூன்று பச்சை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்பதுபோல் ஒரு கணக்கு வரும். உடைக்கு வேண்டியது அந்தக் கணக்குதான். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் துணிக்கூடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒளி பட்டால் பழஞ்சாயம் வெளுக்கும் என்பதால் துணிகளை மங்கல் வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அரும்பொருளகங்களின் பொது வழக்கம். கைப்பேசி அந்த இருட்டைத் தானே வெளிச்சமாக்கி நிறத்தை மாற்றிவிடும். நிறத்தைக் கண்ணால் பார்த்து, கையிலுள்ள துணித் துண்டுகளோடு அங்கேயே ஒப்பிடுங்கள். காட்சிக்கு வைப்பவை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், தேடிப் போகும் படம் இருக்கிறதா என்று இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனித் துணி. வாட்டர்லூ ஸ்திரீட்டில் சிங்கப்பூர் மாதர் மன்றத்தின் நியூ2யூ, சால்வேஷன் ஆர்மியின் கடைகள் போன்ற இடங்களில் ஆண்களுக்கான எக்ஸ்எல் சட்டைகளைத் தேடுங்கள். முதுகுத் துண்டில் மட்டுமே ஏறத்தாழ 60க்கு 70 சென்டிமீட்டர் தையலில்லாத துணி கிடைக்கும். லேபிளை நம்ப முடியவில்லை என்றால் உள்தையலிலிருந்து நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணி எரிந்துவிட்டு ஓரத்தில் சின்ன மணிகளை விடும். அக்குளைக் கண்டிப்பாகப் பாருங்கள். மஞ்சளாக, தொட்டால் விறைப்பாக இருந்தால் வாங்காதீர்கள். சாயம் போட்டால் அந்த இடம் மட்டும் வேறு நிறம் பிடித்து இன்னும் எடுப்பாகத் தெரியும். இஸ்திரி வேண்டாத அலுவலகச் சட்டைகளில் பிசின் பூச்சு இருப்பதால் சாயம் சரியாக ஏறாது. வெட்டி ஒட்டும் வேலைக்கு அவை பரவாயில்லை. எதை வாங்கினாலும் முதலில் வெந்நீரில் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்க வேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும்.

வேலையின் சாரம்: வெள்ளைச் சட்டையின் மேல் நிறத்துணித் துண்டுகளை, நடுவில் இடைவெளி விட்டு ஒட்டித் தைக்கிறீர்கள். இடைவெளியில் தெரியும் வெள்ளைச் சட்டைதான் லியூ காங்கின் கோடு. தேரில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள், அதே ஒட்டுத்துணி வேலைதான் இது. அங்கே துண்டுகளை நெருக்கி ஒட்டுவார்கள், இங்கே விலக்கி ஒட்டுகிறோம்.

சட்டையைத் தட்டையாக விரிக்க முடியாவிட்டால் இந்த வேலை உருப்படாது. கீழ் ஓரத்திலிருந்து பக்கத் தையலைப் பிரித்து, அக்குள் தாண்டி, கையின் உட்தையல் வழியாகக் கஃப் வரை போங்கள். ஆண்கள் சட்டையில் இந்தத் தையல் மடித்து அடித்த இரட்டைத் தையலாக இருக்கும். ஒவ்வொரு தையலாக அறுக்காமல், ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்று அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை இழுத்தால் முழுசாக வந்துவிடும். இழுத்துக் கிழிக்க ஆசை வரும். பழைய துணி நூல் ஓடிய ஓட்டை வழியே கிழியும், அப்புறம் ஒட்டுப்போட வேண்டியதுதான்.

வரைவதைத் துணியில் வரையாதீர்கள். பழுப்புக் காகிதத்தில் சட்டையின் முன்பக்கத்தை அச்செடுத்து, அதில் வரையுங்கள். மனித உருவம் வேண்டாம்; ஆறு வளைவது, சாரோங் மடிவது, முழங்கை திரும்புவது போன்ற ஒரே ஒரு நீண்ட வளைவு போதும். இடது கீழ் ஓரத்தில் அகலமாகத் தொடங்கி வலது தோளை நோக்கி ஒடுங்கிப் போனால் உடம்பு நீளமாகத் தெரியும். வளைவைச் சுற்றி ஆறிலிருந்து ஒன்பது துண்டுகள். அதற்கு மேல் போனால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போடுங்கள். காகிதத் துண்டுகளை வெட்டிச் சட்டையில் குத்தி, ஹேங்கரில் மாட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். வெள்ளைக் கோடு பொத்தான் பட்டியைக் குறுக்கே கடக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கடந்தால் பொத்தான் போடும்போது கோடு ஒரு சென்டிமீட்டர் விலகி நிற்கும், அதை யாராலும் சரிசெய்ய முடியாது. வளைவைப் பட்டிக்கு ஒரு பக்கமாகவே நிறுத்துவது நல்லது.

இடைவெளியில்தான் எல்லாருக்கும் தவறு நடக்கிறது. கோடு 4 மில்லிமீட்டர் தெரிய வேண்டும் என்றால் 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஓரத்தில் அடிக்கும் கோணல்தையல் (ஜிக்ஜாக்) இரண்டு பக்கமும் அரை அரை மில்லிமீட்டர் வெள்ளையைத் தின்றுவிடும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் துவைத்த பிறகு நூல் சிலும்பிக் கோடு அழுக்காகத் தெரியும். 7க்கு மேலே போனால் அது கோடாக இருக்காது, வெறும் சந்தாகிவிடும். இடைவெளி ஒரே அகலமாக வர, அட்டையை 5 மில்லிமீட்டர் பட்டையாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்துப் பொருத்துங்கள்.

ஒட்டுவதற்கு இஸ்திரியில் உருகும் இருபுறப் பசைத்தாள் வேண்டும். தையல் பொருள் விற்கும் கடைகளில் தேடலாம். ஹீட்-என்-பாண்ட் வாங்கினால் 'லைட்' வகையை எடுங்கள். 'அல்ட்ரா' தைக்காமல் ஒட்டுவதற்கானது. அதன் மேல் தைத்தால் ஊசியில் பசை ஏறி நூல் அறும். வடிவத்தைத் தாளில் வரையும்போது இடவலம் மாறும் என்பதை மறக்காதீர்கள். காகித அச்சைக் கவிழ்த்து வைத்துத்தான் வரைய வேண்டும். பிறகு முக்கியமான ஒரு வேலை: பசைத்தாளின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் 8 மில்லிமீட்டர் வளையம் மட்டும் விடுங்கள். முழுத் துண்டையும் ஒட்டினால் அந்த இடத்தில் காற்றுப் போகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் முதுகிலும் வயிற்றிலும் பிளாஸ்டிக் ஒட்டியதுபோல் இருக்கும், அத்தோடு அந்தச் சட்டையை யாரும் எடுத்து உடுத்தமாட்டார்கள். வளையமாக வெட்டினால் துணி துணியாகவே விழும். இதே காரணத்துக்காகச் சட்டையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடாதீர்கள்.

நீராவியை அணைத்துவிட்டு, மிதமான சூட்டில், தாளோடு சேர்த்து 2 விநாடி அழுத்தி ஒட்டி, ஆறிய பிறகு வடிவத்தை வெட்டி, தாளை உரித்து, சட்டையில் வைத்து 6 முதல் 8 விநாடி அழுத்துங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். தேய்த்தால் துண்டு நகர்ந்துவிடும். பிறகு 80ஆம் எண் ஊசி, துண்டின் நிறத்திலேயே நூல், கோணல்தையல் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர், நீளம் ஒரு மில்லிமீட்டர். ஊசி துண்டின் மேல் நடந்து, வெளிப்பக்கம் விழும்போது ஓரத்தை மயிரிழை தாண்டி விழ வேண்டும். சட்டைக்கு அடியில் மெல்லிய டிரேசிங் காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். அது இல்லாமல் தைத்தால் போப்ளின் துணி தையலோடு சுருங்கிக்கொள்ளும். காகிதம் வைத்தும் சுருங்கினால் மேல்நூல் இறுக்கத்தை ஒரு புள்ளி தளர்த்துங்கள். செய்தித்தாள் வைக்காதீர்கள், மை ஏறிவிடும். வளைவில் திரும்பும்போது வெளிவளைவானால் ஊசியைத் துணிக்கு வெளியே இறக்கி நிறுத்தியும், உள்வளைவானால் துண்டின் மேல் இறக்கி நிறுத்தியும் திருப்புங்கள். மாற்றிச் செய்தால் தையலுக்கு நடுவில் முக்கோணச் சந்து விழும். எல்லாம் முடிந்தபின் பக்கத் தையலை 1 சென்டிமீட்டரில் மூடி, ஓரத்தைக் கோணல்தையலால் கட்டுங்கள்.

வேண்டிய நிறம் கடையில் கிடைக்காவிட்டால் சாயம் போடலாம். பருத்திக்குப் புரோசியன் வகைக் குளிர்நீர்ச் சாயம்தான் சரி. நம் குழாய்த் தண்ணீரின் சூடே அதற்குப் போதும். 250 கிராம் துணிக்கு 5 லிட்டர் தண்ணீர், 250 கிராம் உப்பு, நடுத்தர நிறத்துக்கு 5 முதல் 8 கிராம் சாயம். சாயப்பொடியை அளக்கும்போது முகக்கவசம் போட்டு, காற்றாடியை நிறுத்திவிடுங்கள். நனைத்த துணியைப் போட்டுக் கால் மணி நேரம் கிளறுங்கள். பிறகு துணியை ஒதுக்கிவிட்டு, வெந்நீரில் கரைத்த 50 கிராம் சோடா சாம்பலை (சலவைச் சோடாப் பொடி) ஊற்றுங்கள். துணி மேல் நேராக ஊற்றினால் திட்டு விழும். இன்னும் ஒரு மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறல். சோடா படிகமாகக் கிடைத்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது 50க்குப் பதில் 135 கிராம் வேண்டும். ஆப்ப சோடா இந்த வேலைக்கு ஆகாது. குளிர்நீரில் அலசியபின் கொதிக்கக் காய்ச்சிய நீரில் பத்து நிமிடம் இரண்டு தடவை ஊறவைப்பதைத் தவிர்க்காதீர்கள். ஒட்டாமல் தங்கிய சாயத்தை வெந்நீர்தான் வெளியேற்றும். ஈரத் துணியை வெள்ளை டிஷ்யூவில் அழுத்திக் கறை விழவில்லை என்றால் மட்டும் வெள்ளைச் சட்டையோடு சேருங்கள். பெரும்பாலான சட்டைகளில் தையல் நூல் பாலியெஸ்டர், அது பழைய நிறத்திலேயே நிற்கும். பழுப்புச் சாயம் போட்ட வெள்ளைச் சட்டையில் தையல் எல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரிவது இந்த வேலையில் அழகாகவே அமையும்.

காலரும் கஃப்பும் மஞ்சளாகிப்போன சட்டைக்கு வேறு வழி இருக்கிறது. 1998ல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த, சீனத் தாங் அரசர் காலக் கப்பலின் சரக்கு ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 60,000 மண்பாண்டங்கள், பெரும்பகுதி சாங்ஷா கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் பொறித்த குறிப்பு 826ஆம் ஆண்டைக் காட்டுகிறது. கிண்ணங்களின் வாய் விளிம்பைப் பாருங்கள்: நான்கு பக்கமும் பழுப்பில் தொட்டு எடுத்த நான்கு திட்டுகள், நடுவில் தூரிகையால் விறுவிறுவென்று போட்ட கோலம். சட்டைக்கும் நான்கு விளிம்பு உண்டு, காலர் நுனி இரண்டு, கஃப் இரண்டு. லிட்டருக்கு 50 கிராம் சோடா சாம்பல் கரைத்த நீரில் சட்டையை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, கை ஈரம் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, அந்த நான்கு இடத்தையும் கெட்டியான பழுப்புச் சாயத்தில் தொட்டு எடுங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு வைத்து அலசுங்கள். ஈரம் அதிகமானால் சாயம் மேலேறிக் கழுத்தெல்லாம் பரவும். காலருக்குள் விறைப்புக்காக வைத்த உள்துணி இருப்பதால் அங்கே நிறம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக விழலாம். கிண்ணத்தின் மெருகும் அப்படித்தான் இருக்கும், தடுக்க வேண்டியதில்லை. மங்கிய மஞ்சள் கறை பழுப்புக்குள் மறைந்துவிடும்.

பிளீச்சால் கோடு போடலாமா என்றால், அடர்நிறப் பருத்தியில் போடலாம். பட்டு, கம்பளி, ஸ்பாண்டெக்ஸ் மேல் பட்டால் துணி பாழ். கறுப்பு பெரும்பாலும் வெள்ளையாகாது, துருநிறமாகும். வேண்டிய நிறம் வந்ததும் அலசி, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை ஒன்றுக்குப் பத்து நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் பிளீச் உள்ளே இருந்துகொண்டு துணியைத் தின்னும். வினிகரை ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், வீவக அடுக்குமாடி வீட்டின் குளியலறைக்குள் அது ஆபத்து.

பட்டுச் சேலையை வெட்டுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெட்டிய சேலையைத் திரும்பக் கொடுக்க முடியாது. சேலையை ஜன்னலுக்கு நேரே பிடித்து, பல வருடம் மடித்திருந்த மடிப்புகளைப் பாருங்கள். கீறல் கீறலாக வெளிச்சம் வந்தால் அந்த வரிசை இற்றுப்போயிருக்கிறது. இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள், நூல் முறியும் சத்தம் கேட்டால் அந்தப் பகுதியில் தைக்காதீர்கள். உடல் பகுதி போனாலும் கரை பெரும்பாலும் நன்றாக இருக்கும். கரையை மட்டும் 1 சென்டிமீட்டர் உபரியோடு வெட்டி, அடியில் மெல்லிய மல் துணி வைத்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பிடியுங்கள். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் பெரானாக்கான் அரும்பொருளகத்தில் கெபாயா என்னும் பெண்கள் மேற்சட்டைகளின் முன் விளிம்பைப் பாருங்கள். பூவேலை கழுத்திலிருந்து கீழ் நுனிவரை விளிம்போடு இறங்கி, நுனியில் அகலமாகும். பொத்தான் இல்லை, கெரோசாங் என்னும் அலங்கார ஊசிதான் பிடிக்கிறது. சட்டையின் பொத்தான் பட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சேலைக்கரை இறங்கினால் அதே அமைதி வரும். சரிகை பழைய வெள்ளிச் சரிகையா, பிளாஸ்டிக் இழையா என்று தெரியாமல் சூடான இஸ்திரி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் சுருண்டுவிடும். மேலே துணி போட்டுக் குறைந்த சூட்டில் தொடுங்கள். கை நடுங்குகிறது என்றால் வெட்டுவதை மட்டும் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்து மேல்மாடித் தையல்காரர் எவரிடமாவது கொடுத்துவிடுங்கள், கரை வெட்டுவது அவர்களுக்குத் தினசரி வேலை.

ஒட்டு வேலைக்குப் பொறுமை இல்லாத நாளில், பணப்பையிலிருந்து ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். சியோங் சூ பியெங் 1978ல் வரைந்த 'உப்பு மீன் உலர்த்துதல்' அதில் இருக்கிறது. கைகளும் கால்களும் நீண்டு மெலிந்து போகின்றன. அந்த நீளத்தை ஒட்டு வேலை இல்லாமலே கொண்டுவரலாம்: கஃப்பை எடுத்துவிட்டுக் கையை 4 சென்டிமீட்டர் ஒடுக்குவது, பக்கத்தில் 25 சென்டிமீட்டர் திறப்பு விடுவது, காலரைப் பிரித்து நிற்கும் பட்டியை மட்டும் வைத்துக்கொள்வது. திறப்புக்குப் பழைய பக்கத் தையலைப் பிரித்தாலே போதும், மடிப்பு ஏற்கனவே இருக்கும்.

உங்களுக்காகச் செய்வதை விட்டுப் பிறருக்கு விற்கப் போகிறீர்கள் என்றால், ஓவியத்தை அச்செடுத்ததுபோல் படியெடுக்காதீர்கள். சிங்கப்பூரில் ஓவியத்தின் பதிப்புரிமை, வரைந்தவர் மறைந்து 70 ஆண்டுவரை நீடிக்கிறது. சியோங் சூ பியெங் மறைந்தது 1983ல், லியூ காங் 2004ல். இருவர் படைப்புகளும் இன்னும் உரிமைக்குள்தான் இருக்கின்றன. வெள்ளைக் கோடு, நிற விகிதம் போன்ற உத்திகளுக்கு அப்படி யாரும் உரிமை கொண்டாட முடியாது. 9ஆம் நூற்றாண்டுக் கிண்ணத்துக்கும் அந்தக் கவலை இல்லை.

துவைப்பது: முதல் மூன்று தடவை தனியாக, உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்நீரில். ஒட்டு வேலை உள்ள சட்டையை மூங்கில் கழியில் கை கோத்து மாட்டினால் ஈரத்தின் எடையில் துண்டுகளின் ஓரம் தொய்ந்துவிடும். ஹேங்கரில் நிழலில் மாட்டுங்கள். காய்ந்ததும் உட்புறத்திலிருந்து இஸ்திரி போட்டால், துவைத்ததில் லேசாக விட்ட பசை மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.